நாவின் சுக்கான்

பேசுவது மிக எளிய காரியம் என்றே நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். மூன்று வயதுக் குழந்தை பேசுகின்றது. எழுத்தறியாத பாட்டியும் பேசுகின்றாள். நீந்துவதற்குப் பழக வேண்டும், தோணி வலிப்பதற்குப் பழக வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுகின்ற நாம், பேச்சு மட்டும் மூச்சைப் போலப் பிறப்போடு வந்துவிட்டது என்று கருதி, அதனைப் பற்றிச் சிந்தியாமலே இருந்துவிடுகின்றோம். நாக்குத் தடுமாறத் தொடங்கும் நாளிலேதான் அதன் அருமை தெரிகின்றது.

நம் முன்னோர் அவ்வாறு சிந்தியாது இருந்துவிடவில்லை. தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்வதற்கென்றே ஓர் இயலை வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்றானது நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகின்றது என்பது அவர் கொள்கை. ழகரத்துக்கு நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்பதையும் அவர் நுணுகிக் கண்டு கூறியுள்ளார். உறுப்புகள் எவை, அவை எங்கே பொருந்துகின்றன என்பவை அங்கே கிடைக்கின்றன. அவ்வுறுப்புகளை இன்ன கணத்தில் இவ்வளவு விசையோடு இயங்குக என்று ஏவுவது எது என்னும் வினாவுக்கு விடை காண, மண்டையோட்டின் உள்ளே நோக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிற்காலத்து விஞ்ஞானமே வழி திறந்தது.

வினாவின் கடுமையை முதலில் உணர்ந்துகொள்வோம். சாதாரணமாக உரையாடும் ஒருவர் ஒரு விநாடியிற் பத்துப் பன்னிரண்டு ஒலிகளை எழுப்புகின்றார். ஒவ்வோர் ஒலிக்கும் மார்பு, குரல்வளை, மெல்லண்ணம், நா, தாடை, உதடு ஆகியவற்றின் தசைகள் பல ஒன்றோடொன்று இணங்கி இயங்குதல் வேண்டும். ‘நாம் சொன்னது சரியாக ஒலித்ததா?’ என்று காதாற் கேட்டு, மூளைக்கு அறிவித்து, மூளை நாவுக்குத் திருத்தக் கட்டளை இடுவதற்கு விநாடியிற் பத்திலொரு பங்குக்கு மேற்பட்ட நேரம் செல்லும். அதற்குள் அந்த ஒலி போய், அடுத்த ஒலியும் பாதி முடிந்துவிடும். ஆகவே, காதை மட்டும் நம்பிப் பேசுவதாயின் நாம் என்றும் பிந்தியே திருத்திக்கொண்டிருப்போம்.

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே படகிற் பிரயாணம் செய்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. சுக்கான் பிடிக்கும் தண்டையல், படகு திசை மாறியதைக் கண்ட பின்னர் சுக்கானைத் திருப்புவாராயின், படகு இடமும் வலமுமாக அலைந்து அலைந்தே செல்லும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், வருகின்ற அலை முன்புறத்தை எவ்வளவு தள்ளும் என்பதை முன்கூட்டியே மனத்திற் கொண்டு, அலை வந்து மோதுமுன்னரே கையைச் சிறிது அசைத்துவிடுபவரே கைதேர்ந்தவர். அவ்வித்தையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பல்லாயிரம் முறை தவறிப் பல்லாயிரம் முறை திருத்தியதன் பயனாக அது அவர் கையில் வந்து உறைந்துவிட்டது. நாவுக்கும் அத்தகைய தண்டையல் ஒருவர் உண்டு. அவரே சிறுமூளை.

தலையின் பின்புறத்திலே, பெருமூளைக்குக் கீழே, பிடரிக்குச் சற்று மேலே அமைந்திருப்பது சிறுமூளை. மூளையின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே அதற்கு உரியது. ஆனால் பெயரைக் கொண்டு அதனைச் சிறிது என்று எண்ணிவிடலாகாது. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்களுள் 6900 கோடி வரை சிறுமூளையிலேயே உள்ளன. அதன் மேற்பரப்பு மிக நுண்ணிய மடிப்புகளாக மடிந்திருப்பதனாலேயே இவ்வளவு பெருந்தொகை அச்சிற்றிடத்தில் அடங்குகின்றது. ‘மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது’ என்று நம்மவர் சொல்லும் வழக்கு இதற்கு நன்கு பொருந்தும்.

(உடற்கூற்றைத் தமிழில் எழுதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, 1873ஆம் ஆண்டில் இந்நாட்டை விட்டுச் செல்லும்வரையில், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்குவதிலும், தமிழிலேயே வைத்தியம் கற்பிப்பதிலும் ஈடுபட்டிருந்தார். அவர் தொடக்கிய பணியை நாம் எவ்வளவு தூரம் கொண்டு சென்றோம் என்பது வேறு விஷயம்.)

சிறுமூளையின் முதன்மையான கலங்களைச் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1837ஆம் ஆண்டில் விவரித்தார். விசிறிபோல விரிந்த கிளைகளையுடைய அக்கலங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றின் அமைப்பிலே வியக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ஒவ்வொரு கலத்துக்கும் இருவகை நரம்பிழைகள் செய்தி கொணர்கின்றன. ஒருவகை இழைகள் ஒரு கலத்துக்கே ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டவை. உடலின் நிலை யாது, நா எங்கே உள்ளது, பெருமூளை இப்போது என்ன ஏவியது என்பன போன்ற செய்திகள் இவற்றின் வழியே ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. மற்றொரு வகை இழையோ ஒரு கலத்துக்கு ஒன்றேயொன்றுதான். அது கொடிபோலக் கலத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும். இந்த ஒற்றை இழையே ‘தவறு நேர்ந்தது’ என்று அறிவிக்கும் தூதன் என்னும் கருத்தை இங்கிலாந்தின் டேவிட் மார் 1969ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971ஆம் ஆண்டிலும் உருவாக்கினர். ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ பரிசோதனைச் சாலையிலே அதற்குச் சான்று தேடித்தந்தார். தவறு நேரும்போது, அந்தக் கணத்திலே பேசிக்கொண்டிருந்த இழைகளின் செல்வாக்குக் குறைக்கப்படுகின்றது. அடுத்த முறை அதே தவறு நேரும் வாய்ப்பும் அதனாற் குறைகின்றது. மாணவனின் கொப்பியிலே ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுவதை இது நமக்கு நினைவூட்டுகின்றது. எனினும் இக்கொள்கை முற்ற முடிந்த ஒன்றன்று; அறிஞரிடையே விவாதம் தொடர்ந்துகொண்டுதான் இருக்கின்றது.

பேச்சிலே இத்திருத்தம் உண்மையில் நடைபெறுகின்றது என்பதை எவ்வாறு அறிவது? அமெரிக்காவில் ஹவுட், ஜோர்டன் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் ஓர் அழகிய பரிசோதனையை வெளியிட்டனர். ஒருவர் மெல்லச் சொல்லும் சொல்லை ஒரு பொறி பிடித்து, அதன் உயிரொலியைச் சிறிது மாற்றி, உடனுக்குடன் அவர் காதிலே ஒலிக்கச் செய்தது. ஒன்றைச் சொன்னவர் தம் காதால் மற்றொன்றைக் கேட்டார். சிறிது நேரத்தில் அவர் வாய், அவர் அறியாமலே, எதிர்த் திசையிலே தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிற்று. தம் குரல் தமக்குக் கேளாதவாறு இரைச்சலால் மறைக்கப்பட்டபோதும் அத்திருத்தம் நீடித்தது. ஆகவே அது காதின் வேலை மட்டுமன்று. வாய் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

சிறுமூளை நலிந்தவர்களிடம் 2017ஆம் ஆண்டில் இவ்வகைச் சோதனை நடத்தப்பட்டபோது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. ஒலி திடீரென மாறும்போது அவர்கள் மற்றவர்களிலும் மிகுதியாகவே எதிர்வினை காட்டினர். ஆனால் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தபோது, அதனைக் கற்று முன்கூட்டியே திருத்திக்கொள்ளும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது. நாம் மேலே கூறிய தண்டையலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அலையை முன்னறியும் கை தளர்ந்துவிட்டது. கண்ணை மட்டும் நம்பி, ஒவ்வோர் அலையும் மோதிய பின்னர் சுக்கானை இழுத்து இழுத்துத் திருப்பும் நிலை அது.

அத்தகையவர் பேச்சு எவ்வாறு ஒலிக்கும்? இங்கேதான் தமிழ் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று காத்திருக்கின்றது. பிரான்சு நாட்டுப் பெரு வைத்தியர் சார்க்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, தம் நோயாளர் சிலர் சொற்களைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவாக நிறுத்தி நிறுத்திச் சொல்வதைக் கண்டார். செய்யுளைச் சீர் பிரித்து அலகிடுவதைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டார். இன்றும் மேனாட்டு மருத்துவ நூல்களில் அப்பெயரே வழங்குகின்றது. வெண்பாவை முதன்முறை அலகிடும் மாணவன் கரும்பலகை முன்னே நின்று, ஒவ்வோர் அசையாகத் தட்டித் தட்டிச் சொல்வதை எண்ணிக்கொண்டால் அப்பேச்சின் ஓசை நமக்கு விளங்கிவிடும். மாணவன் அலகிட்டு முடித்ததும் இயல்பாகப் பேசத் தொடங்குகின்றான். நோயாளருக்கோ பேச்சு முழுவதுமே அலகீடாகிவிட்டது.

அலகுக்கு அடிப்படை மாத்திரை. கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று நம் இலக்கணம் அதனை வரையறுக்கின்றது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிதும் இந்தக் கால அளவே. ‘பாடு’ என்பதையும் ‘பாட்டு’ என்பதையும் பிரிப்பதிலும் நா அண்ணத்தைத் தொட்டு நிற்கும் நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மிகக் குறுகிய கால அளவுகளைக் கணிப்பது சிறுமூளையின் சிறப்புத் தொழில்களுள் ஒன்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஜேர்மனியில் 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, வாய் மூடி நிற்கும் நேரத்தின் நீளத்தை மட்டும் கொண்டு பிரித்தறியவேண்டிய இரு சொற்களை, சிறுமூளையின் இரு பக்கமும் நலிந்தவர்கள் காதால் வேறுபடுத்திக் காணவே இடர்ப்பட்டனர். அவ்வாறாயின், மேடு பள்ளம் இன்றி எல்லா உயிரும் ஒரே நீளமாக ஒலிக்கும் பேச்சு, குறிலும் நெடிலும் பொருள் பிரிக்கும் நம் மொழியிலே எத்துணை மயக்கத்தை உண்டாக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம்.

முதலாம் உலக யுத்தத்திலே தலையின் பின்புறத்திற் குண்டு பாய்ந்த போர்வீரர்களைக் கோர்டன் ஹோம்ஸ் என்னும் வைத்தியர் பிரான்சுப் போர்முனை வைத்தியசாலைகளிற் கண்டு ஆராய்ந்தார். அவர் 1917ஆம் ஆண்டில் எழுதிய விவரங்கள் இன்றும் மேற்கோளாக விளங்குகின்றன. ஒரு நோயாளி அவரிடம் கூறியதாக ஒரு செய்தி உண்டு: ஒரு கை தானாகவே இயங்குகின்றது, ஊறுபட்ட பக்கத்துக் கைக்கோ ஒவ்வோர் அசைவையும் நினைந்து நினைந்து சொல்லவேண்டியிருக்கின்றது என்று. சிறுமூளை நமக்குச் செய்துவரும் உபகாரத்தை இதனினும் சுருங்கச் சொல்ல முடியாது என்பது எம் கருத்து. பெருமூளையிலே புரோக்கா 1861ஆம் ஆண்டிற் காட்டிய பகுதி பழுதுற்றால் சொல்லே வாராது. சிறுமூளை பழுதுற்றாற் சொல் வரும், ஆனால் தள்ளாடிக்கொண்டு வரும்.

தள்ளாடுதல் என்றவுடன் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். பனை நிறைந்த தீவிலே அது நினைவுக்கு வாராதிருப்பது எங்ஙனம்? கள்ளுண்டவன் நடை தள்ளாடுவதற்கும் நாக்குழறுவதற்கும் ஒரு முக்கிய காரணம், மதுவானது சிறுமூளையின் தொழிலைக் குலைத்தலேயாகும். சில மணி நேரத்துக்கு அவன் தானே வரவழைத்துக்கொண்ட சிறுமூளை நோயாளன். இதிலே ஒரு கொடுமையும் விளைகின்றது. மதுவைத் தொட்டறியாதவர், நோயினால் நாக்குழறி நடை தள்ளாடும்போது, ஊரார் அவரையும் குடிகாரர் என்று முடிவுகட்டி விடுகின்றனர். தெருவிற் போகும் சிறுவர் நகைக்கின்றனர். பேருந்து நடத்துநர் ஏற்ற மறுக்கின்றார். சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகின்றனர்.

இது வெறும் கற்பனையன்று. பரம்பரையாக வரும் சிறுமூளை நலிவு நோய்களுள் முதலாவதாக எண்ணிடப்பட்ட ஒரு வகை, தமிழ்நாட்டிலே ஒரு சமூகத்தாரிடையே மிகுதியாகக் காணப்படுவதை 2005ஆம் ஆண்டில் ‘நியூரோலஜி இந்தியா’ என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது. உலகில் மிக அரிதாகிய அந்நோய், ஆராயப்பட்ட அம்மக்களிடையே நூற்றுக்கு ஏழு பேர் என்னும் அளவிலே இருந்தது. இலங்கையிலும், 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இவ்வகைப் பரம்பரை நோயுள்ள குடும்பங்களிடையே அதே வகையே மிகுதியாகக் காணப்பட்டது. நோய்க்குக் காரணமான மரபணு 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. அந்த மரபணுவில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று மீண்டும் மீண்டும் வருகின்றது. அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நாற்பதைக் கடக்கும்போது நோய் தோன்றுகின்றது. தாய் தந்தையருள் ஒருவருக்கு அது இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதளவில், குடும்பப் பாரம் முழுவதும் தோளில் ஏறிய பின்னரே, நடையிலும் பேச்சிலும் அது தலைகாட்டுகின்றது. அதனை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அவர்களை இகழாதிருப்பதற்கு மருந்து வேண்டியதில்லை.

மெல்ல வரும் நோய் இது. திடீரென வருவதும் ஒன்று உண்டு. சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, சற்று முன்வரை நன்றாக இருந்தவர் தலை சுழன்று, வாந்தியெடுத்து, நாக்குழறி, எழுந்து நிற்கமாட்டாமற் சாய்வார். கை கால் வழங்காமற் போதல் இதில் எப்போதும் தோன்றுவதில்லை. ஆகவே ‘பித்தம் ஏறிவிட்டது’, ‘வெயில் பட்டது’, ‘கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டிலே படுக்கவைத்து விடுகின்றனர். குழாய் அடைப்பினால் வந்ததாயின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன்னர் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கவும் வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பின்னர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வரையிலே தரை வழி. கடல் கொந்தளிக்கும் நாளாயின் சொல்லவேண்டியதில்லை. தீவு வாழ்வோருக்கு, வீட்டிலே வீணாக்கும் ஒரு மணி நேரம், பட்டினத்தில் வாழ்வோர் வீணாக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சமமன்று. சிறுமூளை வீங்கி, அருகே உள்ள மூளைத்தண்டை நெருக்குமாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். தலைசுற்றலோடு நாக்குழறலும் சேர்ந்து திடீரெனத் தோன்றினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல், உடனே தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டியதே முறை.

குழந்தைகளிடம் காணப்படும் மற்றொரு நிலை பெற்றோரின் நெஞ்சைக் கலங்கச் செய்வது. சிறுமூளையை ஒட்டி வளரும் கட்டிகள் குழந்தைப் பருவத்தில் அரியனவல்ல. அவற்றுள் ஒருவகைக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் பேசிவிட்டுத் திடீரென ஊமையாகின்றனர். ‘பிள்ளையின் வாயைக் கத்தி அறுத்துவிட்டதே’ என்று தாய் கதறுவாள். நாவிலோ குரல்வளையிலோ குற்றமில்லை. சிறுமூளைக்கும் பெருமூளைக்கும் இடையே செல்லும் நரம்புவழி ஊறுபட்டதே காரணம் என்று வைத்தியர் கருதுகின்றனர். பல வாரங்களிலோ மாதங்களிலோ சொல் திரும்பி வருகின்றது. முதலில் மெல்லிய குரலாக, பின்பு நாம் மேலே சொன்ன அலகீட்டு நடையாக. முன்போலத் தெளிவு எல்லோருக்கும் முழுவதும் வந்துவிடுவதில்லை. ஊமையாயிருக்கும் நாள்களிலும் அக்குழந்தை பிறர் பேச்சை விளங்கிக்கொள்ளக்கூடும்; ஆதலின் கட்டிலருகே நின்று பேசுவோர் தம் சொற்களை அளந்தே பேசவேண்டும்.

சிறுமூளை இல்லாமலே பேச முடியுமா என்று மாணவர் யாரேனும் கேட்கலாம். முடியும் என்பதே வியப்பான விடை. சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவருக்குச் சிறுமூளை பிறவியிலேயே இல்லை என்பதை வைத்தியர்கள் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அவர் பிறர்க்கு விளங்கப் பேசத் தொடங்கியது ஆறு வயதில். துணையின்றி நடந்தது ஏழு வயதில். பேச்சிலே சிறிது குழறல் இருந்தது. ஏனைய மூளைப் பகுதிகள் இயன்றவரை அதன் தொழிலை ஏற்றுக்கொண்டன போலும்.

சிறுமூளை நாவை மட்டும் ஆள்கின்றதா, சொல்லைத் தெரிவதிலும் உதவுகின்றதா என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலே, ஒரு பெயர்ச்சொல்லைக் காட்டி அதற்கேற்ற வினைச்சொல்லைச் சொல்லச் சொன்னபோது, அதாவது ‘கத்தி’ என்றால் ‘வெட்டு’ என்பதுபோல, வெறுமே பெயரைத் திருப்பிச் சொல்லும்போது காணாத இயக்கம் சிறுமூளையின் வலப்பக்கத்திற் காணப்பட்டது. பெரும்பாலோரிடம் மொழிக்கு நிலைக்களமான இடப் பெருமூளையோடு இணைந்திருப்பது சிறுமூளையின் வலப்பக்கமே. பின்னர், அப்பக்கம் பழுதுற்ற ஒரு வழக்கறிஞர், மற்றைய அறிவுச் சோதனைகளிற் சிறந்து விளங்கியும், இச்சோதனையிற் பல பிழைகள் விட்டதோடு, தம் பிழையைத் தாமே உணராமலும் இருந்தார். இவற்றைக் கொண்டு சிந்தனையையே சிறுமூளை நடத்துகின்றது என்று சிலர் விரைந்து கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. பிழை காணும் தொழில் நாவோடு நின்றுவிடவில்லை என்ற அளவிலே கொள்வது பொருத்தம்.

நாக்குழறியவர்களுக்குச் செய்யத்தக்கது யாது? பேச்சுச் சிகிச்சையாளர் முதலிற் கற்பிப்பது வேகத்தைக் குறைத்தல். அடுத்தது மூச்சை அளந்து விடுதல். அதன்பின் விரலால் மேசையிலே தட்டி, தட்டுக்கு ஓர் ஒலியாகச் சொல்லுதல். இலங்கையிலே இத்துறைக்குக் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் பட்டப்படிப்பு உண்டு. தமிழ் பேசும் மாணவர் மேலும் பலர் அதனை நாடவேண்டும் என்பது எம் விருப்பம். ஏனெனில் ஆங்கிலத்துக்கென ஆக்கிய பயிற்சி வாசகங்களிலே ழகரமும் இல்லை, நம் குறில் நெடிலும் இல்லை. தமிழ் நோயாளருக்கு ‘பல்’ என்றால் ஒரு தட்டு, ‘பால்’ என்றால் இரு தட்டு என்று கொடுக்கலாம். நாலாம் வகுப்பிலே மாத்திரை கற்பிக்கும் ஆசிரியர் செய்வதும் இதுவே.